பில் விதர்ஸின் முதல் ஆல்பம் ‘ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க சோல் பாடகர் பில் விதர்ஸின் முதல் ஆல்பம் 1971 மே மாதம் வெளிவந்தது. பன்னிரண்டு பாட்டு, மொத்தம் 35 நிமிடம் போல ஓடும். சோல் இசையைப் புதிதாகக் கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஆல்பத்தைத்தான். கேட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளோடு வருகிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

பில் விதர்ஸ் யார்? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

பெயர் தெரியாவிட்டாலும் குரல் காதில் விழுந்திருக்கும். 1999-ல் வந்த ‘நாட்டிங் ஹில்’ படத்தில் ஹியூ கிராண்ட் சந்தைத் தெரு வழியாக நடந்துபோவார். அந்த ஒரே நடையில் வெயில், மழை, பனி என்று ஒரு வருடமே கடந்துவிடும். அங்கே ஒலிக்கும் ‘ஏய்ண்ட் நோ சன்ஷைன்’ இந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு. ‘லீன் ஆன் மீ’, ‘லவ்லி டே’, ‘ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்’ போன்றவை அவர் பிற்பாடு பாடியவை.

1938 ஜூலை 4 அன்று மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசி. வளர்ந்தது பக்கத்தில் உள்ள பெக்லி நகரில். பதின்மூன்று வயதில் அப்பா இறந்துவிட்டார். போதாததற்குத் திக்குவாய் வேறு. பேச வாய் திறந்தாலே தடுமாறுகிற பையனாகத்தான் வளர்ந்தார்.

சோல் இசை என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடலும், அவர்களுடைய கேளிக்கை விடுதிகளில் ஒலித்த ரிதம் அண்ட் ப்ளூஸும் 1950களில் கலந்து பிறந்தது. ரே சார்ல்ஸ், சாம் குக், அரீத்தா ஃப்ராங்க்ளின், ஓட்டிஸ் ரெட்டிங் ஆகியோரைக் கேட்டால் பிடிபட்டுவிடும். 1960களில் டெட்ராய்ட்டின் மோட்டவுன், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஆகிய இரண்டு கம்பெனிகளும் இந்த இசையை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. பித்தளை வாத்தியங்கள், பின்னணியில் பெண் குரல்கள், மேடையில் வியர்வை வழிய உச்சத்தில் பாடும் பாடகர் என்பதுதான் அதன் பொதுவான தோற்றம். பில் விதர்ஸின் இந்த ஆல்பம் அந்தத் தோற்றத்தோடு ஒத்துப்போகவில்லை. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

முதல் ஆல்பம் வரும்போது 32 வயதாமே? அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்?

உழைத்துக்கொண்டிருந்தார். பதினேழு, பதினெட்டு வயதில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து ஒன்பது வருடம் இருந்தார். விமான மெக்கானிக் வேலை. திக்குவாயை வென்றதும் அந்தக் காலகட்டத்தில்தான். வெளியே வந்து கலிஃபோர்னியாவில் வீடு வீடாகப் பால் போட்டார், தொழிற்சாலைகளில் வேலை செய்தார். 1967-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார்.

பாட வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்கு அவரே சொன்ன ஒரு காரணம் உண்டு. ஓக்லாண்ட் நகரில் ஒரு கிளப்பில் லூ ரால்ஸ் பாடுவதாக இருந்தது. பாடகர் நேரத்துக்கு வரவில்லை. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வரத் தெரியவில்லையே என்று மேனேஜர் புலம்பினார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த விதர்ஸுக்கு அப்போது மணிக்கு மூன்று டாலர்தான் கூலி. அப்புறம் ரால்ஸ் வந்தார். வந்ததும் பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். விதர்ஸ் நேரே போய் அடகுக் கடையில் ஒரு மலிவான கிதார் வாங்கி, தானே வாசிக்கக் கற்றுக்கொண்டு, பாட்டு எழுத ஆரம்பித்தார்.

இந்தக் கதையைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் உண்டு. எனக்கு அது சிரிப்புக் கதை அல்ல. கலை என்னை அழைத்தது என்று சொல்லாமல், கூலி கட்டுப்படியாகவில்லை என்று சொல்கிற மனிதர் அவர். அந்த நேர்மை ஆல்பத்தில் எல்லாப் பாட்டிலும் இருக்கிறது.

அட்டைப்படத்தில் கையில் என்ன வைத்திருக்கிறார்?

சாப்பாட்டு டப்பா.

பர்பேங்க் நகரில் வெபர் ஏர்கிராஃப்ட் என்ற தொழிற்சாலையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்திருந்த போயிங் 747 விமானங்களுக்குக் கழிப்பறைகளைப் பொருத்தும் வேலை. அந்தத் தொழிற்சாலையின் வெளியே, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எடுத்த படம் அது. ஒப்பனை இல்லை, மேடை உடை இல்லை. பெரும்பாலான சோல் பாடகர்களின் அட்டைப்படங்களில் பளபளக்கும் சூட்டும் வாரிவிட்ட முடியும் இருந்த காலத்தில், வேலைக்கு வந்த கோலத்திலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

கழிப்பறை பொருத்திக்கொண்டிருந்தவருக்கு ஒப்பந்தம் எப்படிக் கிடைத்தது?

சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தன் பாட்டுகளை டெமோ டேப்பாகப் பதிவு செய்தார். அந்த டேப் பல கை மாறி கிளாரன்ஸ் அவாண்ட் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. இசை உலகில் கறுப்பினக் கலைஞர்களுக்காகப் பேரம் பேசுவதில் பெயர் எடுத்தவர். சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்தார். 1970-ன் தொடக்கத்தில் ஒப்பந்தம் ஆனது. (ரொட்ரீகெஸ் என்ற பாடகரை அறிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு தகவல்: அவருடைய ‘கோல்ட் ஃபேக்ட்’ ஆல்பத்தை வெளியிட்டதும் இதே சசெக்ஸ்தான்.)

தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ் என்று போட்டிருக்கிறது. அவருடைய பங்கு என்ன?

நிறைய. இந்த ஆல்பம் இப்படி ஒலிப்பதற்குப் பாதிக் காரணம் அவர்.

புக்கர் டி. ஜோன்ஸ் மெம்ஃபிஸ்காரர். ஸ்டாக்ஸ் கம்பெனியின் ஆஸ்தான வாத்தியக் குழுவான ‘புக்கர் டி. அண்ட் த எம்ஜிஸ்’ அவர் பெயரில்தான் இயங்கியது. 1962-ல் ‘கிரீன் ஆனியன்ஸ்’ பதிவானபோது அவருக்கு வயது 17. பிறகு ஸ்டாக்ஸை விட்டுக் கலிஃபோர்னியாவுக்கு வந்திருந்தார். விதர்ஸைவிட ஆறு வயது இளையவர். ஆனால் ஸ்டுடியோ அனுபவத்தில் எவ்வளவோ மூத்தவர்.

அவர் பிற்பாடு சொன்ன ஒரு சம்பவம் போதும். பதிவு நாளன்று விதர்ஸ் வேலை பார்க்கும் முரட்டுப் பூட்ஸோடு, ஓட்டை காரில், நோட்டுப் புத்தகம் நிறைய பாட்டுகளோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். உள்ளே வாத்தியக்காரர்கள் எல்லாரும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். விதர்ஸ் புக்கரைத் தனியாக அழைத்து, இந்தப் பாட்டுகளையெல்லாம் யார் பாடப்போகிறார்கள் என்று கேட்டார். நீங்கள்தான் என்றார் புக்கர். தன் பாட்டைப் பாட வேறு ஒரு பாடகர் வருவார் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் விதர்ஸ்!

இப்படி ஒருவர் கையில் கிடைத்தால் இன்னொரு தயாரிப்பாளர் என்ன செய்திருப்பார்? குரல் பயிற்சி கொடுத்திருப்பார், பித்தளை வாத்தியங்களைச் சேர்த்து நிரப்பியிருப்பார், பின்னணிப் பாடகிகளை வைத்துக் குரலை மறைத்திருப்பார். புக்கர் எதையும் மறைக்கவில்லை. விதர்ஸின் கிதாரையும் குரலையும் முன்னால் வைத்தார். மற்ற வாத்தியங்களை எட்டி நிற்க வைத்தார். நீ செய்வதைச் செய், அதை நன்றாகச் செய் என்று புக்கர் தன்னிடம் சொன்னதாக விதர்ஸ் இந்த ஆல்பத்திலேயே ‘டூ இட் குட்’ பாட்டின் நடுவே பேசுகிறார். பதற்றத்தோடு வந்த ஒரு மனிதர் மெல்ல மெல்ல இளகுவதை அந்தப் பாட்டில் நேரடியாகக் கேட்கலாம்.

வாசித்தவர்கள் யார் யார்?

பேஸ் கிதார் டொனால்ட் ‘டக்’ டன். டிரம்ஸ் அல் ஜாக்சன் ஜூனியர். இருவரும் எம்ஜிஸ் குழுவினர். ஓட்டிஸ் ரெட்டிங்கின் இசைத்தட்டுகளுக்குப் பின்னால் இருந்த அதே தாளக் கைகள். சில பாட்டுகளில் கிறிஸ் எத்ரிட்ஜ் பேஸ், ஜிம் கெல்ட்னர் டிரம்ஸ். பாபி ஹால் என்ற பெண் கலைஞர் கைத்தாள வாத்தியங்கள். கிதாருக்கு ஸ்டீவன் ஸ்டில்ஸ். ஆமாம், கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் என்ற ராக் குழுவின் ஸ்டில்ஸ்தான். நாஷும் ஸ்டுடியோவுக்கு வந்து விதர்ஸின் எதிரே உட்கார்ந்து, நீ எவ்வளவு நன்றாகப் பாடுகிறாய் என்று உனக்கே தெரியவில்லை என்று தைரியம் சொன்னதாக விதர்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

மூன்று மூன்று மணி நேரமாக நான்கு அமர்வுகளில் பதிவை முடிப்பதாகத் திட்டம். பணம் தீர்ந்துபோனதால் மூன்றோடு நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டாவது அமர்வுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஆறு மாத இடைவெளி. ஆல்பம் சிக்கனமாக ஒலிப்பதற்கு ரசனை மட்டும் காரணமல்ல, கையில் காசு இல்லாததும் ஒரு காரணம். ஆனால் காசு இருந்திருந்தால் இது கெட்டுப்போயிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். புக்கரின் காது அப்படி விட்டிருக்காது.

‘ஏய்ண்ட் நோ சன்ஷைன்’ பாட்டில் ‘ஐ நோ, ஐ நோ’ என்று ஏன் அத்தனை தடவை வருகிறது?

26 தடவை. அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

அந்த இடத்தில் இன்னொரு சரணம் எழுதுவதாக விதர்ஸ் நினைத்திருந்தார். வரிகள் தயாராக இல்லாததால் அப்போதைக்கு ‘ஐ நோ’ என்று பாடி நிரப்பினார். கேட்டுக்கொண்டிருந்த புக்கரும் மற்றவர்களும் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். தான் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி, அவர்களோ அனுபவசாலிகள், அதனால் சரி என்று விட்டுவிட்டதாக அவர் பின்னாளில் சொன்னார்.

இப்போது அந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். பாட்டு தொடங்கும்போதே முன்னிசை கிடையாது, குரல் நேராக வந்துவிடுகிறது. பிறகு பேஸ், கிதார், தாளம். அடுத்த சரணத்தில் வயலின்கள் கீழிருந்து மெல்ல எழும்புகின்றன. ‘ஐ நோ’ வந்ததும் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, அல் ஜாக்சனின் டிரம்ஸும் குரலும் மட்டும் மிஞ்சுகின்றன. போனவள் போனவள்தான் என்று இவனுக்குத் தெரியும். அவளை விட்டுவிட வேண்டும் என்றும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாத நிலையை எந்தச் சரணம் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கும்? மூச்சு விடக்கூட இடம் கொடுக்காமல் ஓடும் அந்தச் சொற்கள், ஒரு கட்டத்தில் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல ஆகிவிடுகின்றன. முழுப் பாட்டும் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுத்தான் அதிகம்.

அது காதல் தோல்விப் பாட்டுதானே?

அப்படித்தான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பாட்டு பிறந்த இடம் வேறு. 1962-ல் வந்த ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோசஸ்’ என்ற படத்தை விதர்ஸ் தொலைக்காட்சியில் பார்த்தார். ஜாக் லெமனும் லீ ரெமிக்கும் குடிக்கு அடிமையான கணவன் மனைவியாக நடித்த படம். ஒருவர் தெளியும்போது மற்றவர் விழுவார். நமக்கு நல்லதல்ல என்று தெரிந்த ஒன்றுக்காகவும் மனது ஏங்கும் என்பதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. விஷத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது என்கிற மாதிரி அவர் அதை விளக்கியிருக்கிறார். இது தெரிந்த பிறகு கேட்டால், பிரிவின் சோகத்துக்குள் ஒரு பயமும் இருப்பது புரியும்.

‘கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’ பாட்டைக் கேட்டால் கண் கலங்குகிறது. நிஜப் பாட்டியா?

நிஜப் பாட்டிதான். அம்மாவைப் பெற்ற லூலா. திக்குவாய்ப் பையனை, இவன் ஒன்றுக்கும் தேறமாட்டான் என்று மற்றவர்கள் நினைத்த காலத்தில், தேறுவான் என்று நம்பியவர்.

பாட்டில் பாட்டியின் முகம் வராது, கைகள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தாளம் தட்டிய கைகள், தம்புரின் வாசித்த கைகள். அவ்வளவு வேகமாக ஓடாதே, கீழே கண்ணாடித் துண்டு கிடக்கும், பாம்பு இருக்கும் என்று எச்சரித்த கைகள். சில நேரம் வீங்கி வலித்த கைகள். ஊரில் மணமாகாமல் தாயான பெண்ணுக்கு ஆறுதல் சொன்ன கைகள். அம்மா அடிக்க வரும்போது குறுக்கே வந்த கைகள். இத்தனையும் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. பெரிய உவமை எதுவும் கிடையாது, பாட்டி என்ன செய்தார் என்பது மட்டும்தான். அவர் இல்லாமல் போன பிறகு பேரன் பாடுகிறான் என்பதும் கடைசியில்தான் உறைக்கிறது.

தொடக்கத்தில் வரும் அந்த முனகலை வேறெங்கோ கேட்ட ஞாபகம் வந்தால், அதுவும் சரிதான். 1996-ல் பிளாக்ஸ்ட்ரீட் குழுவின் ‘நோ டிகிட்டி’ இந்தப் பாட்டிலிருந்து எடுத்த துண்டின் மேல் கட்டப்பட்டது.

இந்த இரண்டையும் தவிர மற்ற பாட்டுகள் எப்படி?

முதல் பாட்டு ‘ஹார்லெம்’. நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியில் கோடைப் புழுக்கம், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்காத வீட்டுக்காரர், சனிக்கிழமைக் கொண்டாட்டம், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் எல்லாம் வரும். போகப் போகச் சூடேறும் பாட்டு.

‘ஐ’ம் ஹெர் டாடி’ எனக்கு மிகவும் பிடித்தது. தனக்கு ஆறு வயதில் ஒரு மகள் இருப்பது தாமதமாகத் தெரியவரும் ஒரு மனிதன், அவளுடைய அம்மாவிடம் கேட்கும் கேள்விகள்தான் பாட்டு. குழந்தைக்கு என்னைப் பற்றித் தெரியுமா என்று கேட்கிறான். கோபப்பட அவனுக்கு இடம் இருக்கிறது, ஆனால் கெஞ்சுகிறான். அந்தக் காலத்து சோல் பாட்டுகளில் அப்பாக்கள் இப்படிப் பேசிக் கேட்பது அபூர்வம்.

‘ஹோப் ஷீ’ல் பி ஹாப்பியர்’ தன்னை விட்டுப் போனவள் நன்றாக இருக்கட்டும் என்று முடிந்தவரை நல்ல மனதோடு சொல்லப் பார்க்கும் பாட்டு. 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில் நடந்த பெரிய இசை விழாவில் இதே பாட்டை ஒற்றைக் கிதாரோடு உட்கார்ந்து பாடினார். ‘சோல் பவர்’ என்ற ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது, கட்டாயம் பாருங்கள்.

கடைசிப் பாட்டு ‘பெட்டர் ஆஃப் டெட்’. மனைவி குழந்தைகளோடு போய்விட்ட ஒரு குடிகாரனின் கதை. துப்பாக்கி வெடிக்கும் சத்தத்தோடு முடிகிறது. மனம் சரியில்லாத நாளில் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஆல்பத்தில் பலவீனமான இடமே இல்லையா?

இருக்கிறது. ஃப்ரெட் நீலின் ‘எவ்ரிபடிஸ் டாக்கின்’, பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ ஆகிய இரண்டு பிறர் பாட்டுகளும் கேட்க நன்றாகவே இருக்கின்றன. ‘லெட் இட் பி’க்கு ஒரு தேவாலயக் களை கொடுத்திருக்கிறார். ஆனால் அவருடைய சொந்தப் பாட்டுகளுக்கு நடுவே அவை விருந்தாளிகள்தான். தன் வரிகளை இப்படி எழுதத் தெரிந்த ஒருவர் பன்னிரண்டையும் தானே எழுதியிருக்கலாம்.

இது உண்மையில் சோல்தானா? ஃபோக் (கிராமியப் பாட்டு) மாதிரி இருக்கிறதே?

மின்சாரம் இல்லாமல் ஒலிக்கும் அகௌஸ்டிக் கிதார் முன்னால் இருப்பதால் அப்படித் தோன்றும். வெள்ளையர் பாடினால் ஃபோக், கறுப்பர் பாடினால் சோல் என்று கடைக்காரர்கள் பிரித்து அடுக்கிய காலம் அது. விதர்ஸ் வளர்ந்த சுரங்க ஊர்களில் தேவாலயப் பாட்டும் கிராமியப் பாட்டும் ஒரே காற்றில் கலந்திருந்தன. என் காதுக்கு இது அடிமுதல் சோல்தான். சத்தம் போடாத சோல்.

பாட்டு ஹிட்டானதும் வேலையை விட்டாரா?

உடனே விடவில்லை. இசைத் தொழிலை நம்ப முடியாது என்று ஆல்பம் வெளிவந்த பிறகும் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

முதல் சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சின்ன இசைத்தட்டாக, ‘ஹார்லெம்’ வந்தது. ‘ஏய்ண்ட் நோ சன்ஷைன்’ அதன் பின்பக்கத்தில்தான் இருந்தது. வானொலிக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். அமெரிக்காவின் ஹிட் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம்வரை போய், பத்து லட்சம் பிரதிகளுக்கான தங்கத் தகுதி பெற்று, 1972-ல் சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுக்கான கிராமி விருதையும் வாங்கித் தந்தது. கம்பெனி அவருக்குப் பொன்னிறத்தில் ஒரு டாய்லெட்டைப் பரிசளித்தது. நடுவே தொழிற்சாலையில் ஆட்குறைப்பில் நிறுத்தப்பட்டிருந்தார். வேலைக்குத் திரும்பி வரலாம் என்ற கடிதமும், ஜானி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான அழைப்பும் ஒரே நாளில் வந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். கார்சனிடம் போனார்.

இதற்கு முன் அவர் எதையுமே பதிவு செய்ததில்லையா?

1967-ல் ‘த்ரீ நைட்ஸ் அண்ட் எ மார்னிங்’ என்று ஒரு சிங்கிள் வந்து, யாரும் கவனிக்காமல் போனது. அதைத் திருத்தி எழுதியதுதான் ‘ஹார்லெம்’.

அடுத்து எதைக் கேட்பது?

1972-ல் வந்த ‘ஸ்டில் பில்’. ‘லீன் ஆன் மீ’, ‘யூஸ் மீ’ இரண்டும் அதில்தான். தாளம் இன்னும் இறுக்கமாக இருக்கும். அப்புறம் அதே வருடம் அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பதிவான நேரடிக் கச்சேரி. அதில் ‘கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’ தொடங்கும் முன் பாட்டியைப் பற்றி அவர் பேசும் பேச்சு தனிச் சொத்து.

1975-ல் சசெக்ஸ் மூடப்பட்டு, பெரிய கம்பெனியான கொலம்பியாவுக்குப் போனார். அங்கே தன் இசையில் மற்றவர்கள் தலையிடுவது அவருக்கு ஒத்துவரவில்லை. 1985-ல் கடைசி ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு, 47 வயதில் ஒதுங்கிக்கொண்டார். 2015-ல், இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பாடகர் ஸ்டீவி வொண்டர் அவரைச் சேர்த்துவைத்தார். 2020 மார்ச் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸில் 81 வயதில் காலமானார்.

ஆங்கிலப் பாட்டு வரிகள் எனக்குச் சரியாகப் பிடிபடாது. கேட்கலாமா?

தாராளமாக. விதர்ஸ் சொற்களை விழுங்காமல் பாடுகிறவர், எழுதுவதும் அன்றாடப் பேச்சுச் சொற்களில்தான். முதலில் ‘கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்’ வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பிறகு ‘ஐ’ம் ஹெர் டாடி’. ‘ஏய்ண்ட் நோ சன்ஷைன்’ பாட்டுக்கு வரிகளைப் பார்க்கத் தேவையே இருக்காது. ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. பேஸும் டிரம்ஸும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பது அதில்தான் தெளிவாகக் கேட்கும்.